ஈயின் கன்னத்தில் ஒரு பொட்டு

விருத்தாசலம் பீங்கான் பேட்டையிலிருந்து சுவீடனுக்குப் போனவர்களில் நான் இரண்டாவது ஆள். முதல் ஆள் கலியபெருமாள். விமானத்தை விட்டு இறங்கும்போது என்னை இடித்துத் தள்ளிக்கொண்டு முன்னால் போய்விட்டான். ஊர் திரும்பிய பிறகு அந்த நாலு படி வித்தியாசத்தை அவன் யாரிடமும் சொல்லாமல் விட்டதில்லை.

எழுபதுகளின் தொடக்கம் அது. பேட்டையில் ஒரு தகரக் கொட்டகையில் எங்கள் இருவருக்கும் வேலை. நான் அச்சு செய்கிறவன். கலியபெருமாள் சூளைக்காரன், கம்மாபுரத்திலிருந்து தினமும் சைக்கிளில் வருவான். கொட்டகையின் ஒரு பாதியில் மின்சாரப் பெட்டியில் மாட்டும் பீங்கான் ஃபியூஸ் கேரியர் செய்தோம், மறுபாதியில் பொம்மை. பொம்மைப் பக்கம் ஆறு பெண்கள் உட்கார்ந்து வர்ணம் தீட்டுவார்கள். அவர்களில் மூத்த கை அஞ்சலை. யானை, கிளி, குதிரை எதுவானாலும் கண் வைப்பது அஞ்சலைதான். வேறு யாராவது வைத்தால் யானைக்கு மாறுகண் வந்துவிடும்.

எங்கள் மேனேஜருக்குப் பொம்மை என்றாலே ஆகாது. "ஃபியூஸ் கேரியருக்குக் கண்ணு வரையணுமா, மூக்கு வரையணுமா? வெள்ளையா வெந்து வந்தா வேல முடிஞ்சிது" என்பார். பெயிண்டிங் பக்கத்தை மூடிவிட்டு முழுக் கொட்டகையையும் ஃபியூஸ் கேரியருக்கே விடுவதென்று அவர் முடிவு செய்திருந்த வாரத்தில்தான் அந்தக் கடிதம் வந்தது.

சுவீடனில் பள்ளிக்கூடங்களுக்கு மாதிரி உருவங்கள் வாங்கித் தரும் ஒரு கம்பெனி எழுதியிருந்தது. எங்கள் பொம்மைகளை எங்கோ ஒரு கண்காட்சியில் பார்த்தார்களாம். இரண்டு பூச்சிகள் வேண்டும், நிஜ அளவைப்போல் பத்து மடங்கு பெரிதாக. ஒன்று காட்டில் இருக்கும் அந்துப்பூச்சி. இன்னொன்று வடக்கே குளிர்ப்பக்கத்தில் இருக்கும் வேட்டை ஈ. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பிள்ளைகள் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமாம். கூடவே வண்ணப் படங்கள் இருந்தன. ஆங்கிலக் கடிதத்தைப் படித்துச் சொன்ன குற்றத்துக்காக அன்று முதல் கலியபெருமாள் என்னை 'வாத்தியாரே' என்று கூப்பிட ஆரம்பித்தான்.

"அந்துன்னா, நெல்லு மூட்டயத் தொறந்தா மூஞ்சியில பறக்குமே, அதுவா வாத்தியாரே?"

"அதுக்குப் பெரியப்பா மவன். இது காட்டுல இருக்குது."

"அத எதுக்கு இவ்ளோ தூரத்துலேருந்து கேக்குறான்? சரி, ஈயி?"

"மத்த பூச்சியப் புடிச்சித் திங்கிற ஈ."

"நம்மூரு ஈ தேவலாம்யா. எலையில இருக்கறதத் தின்னுட்டுப் போயிடும்."

மேனேஜர் வந்து பொதுவாகச் சொன்னார்: "இந்த ரெண்டும் அங்க பாஸாச்சின்னா பெயிண்டிங் இருக்கும். இல்லேன்னா அதோட எல்லாமே ஃபியூஸ் கேரியர்." அவர் என்னைப் பார்த்துத்தான் சொன்னார். ஆறு தூரிகைகளும் நின்றுவிட்டன.

அந்த ஊர்ப் பீங்கான் தொழிற்சாலை ஒன்றில் மூன்று வாரம் இருந்து சூளை வேலையைப் பார்த்து வர இரண்டு பேரை அனுப்பலாம் என்றும் கடிதத்தில் இருந்தது. அச்சுக்காரன், சூளைக்காரன், மடியில் பூச்சிப் பெட்டி. இரண்டு பூச்சிக்கும் அஞ்சலை வர்ணம் தீட்டி முடித்ததும் இப்படித்தான் நாங்கள் கிளம்பினோம்.

குளிருக்கு மங்கலம்பேட்டையில் ஒரு தையல்காரரிடம் இரண்டு கோட்டு தைத்தோம். "வெளிநாட்டுக் குளிரு எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும், நான் சிங்கப்பூர்ல நாலு வருசம் இருந்தவன்" என்று கம்பளித் துணியாகவே எடுத்துப் போட்டார். சிங்கப்பூரில் குளிர் கிடையாது என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அவருக்கு அப்போதே தெரிந்திருக்கும். ஒரு கை நீளம், ஒரு கை குட்டை. நீளமான கைக்குள் கையை இழுத்துக்கொண்டால் கையுறை வேண்டாம் என்று சமாதானம் சொன்னார்.

போய்ச் சேர்ந்த அன்று வெயில் அடித்தது. அந்த ஊர்க்காரர்கள் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புல்லில் படுத்திருந்தார்கள். நடுவில் கம்பளிக் கோட்டோடு நாங்கள் நடந்தோம். யாரும் எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. எங்கள் ஊராக இருந்தால் கோட்டுக்குத் துணி எங்கே எடுத்தது என்பதிலிருந்து தொடங்கி, கல்யாணம் ஆயிற்றா என்பது வரை விசாரித்திருப்பார்கள்.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். வேகவைத்த உருளைக்கிழங்கு, சர்க்கரை போட்ட மீன் ஊறுகாய், அப்புறம் ஓடு போல ஒரு ரொட்டி. கலியபெருமாள் அந்த ரொட்டியைக் காதோடு வைத்து நகத்தால் சுண்டிப் பார்த்தான். சூளையிலிருந்து எடுத்த ஜாடியில் விரிசல் இருக்கிறதா என்று அப்படித்தான் பார்ப்பான்.

"நல்லா வெந்திருக்குது. ஓசையப் பாரு" என்றான்.

"தின்னுய்யா."

"திங்கிறதுக்கா குடுத்தாங்க?"

நான் வீட்டிலிருந்து எலுமிச்சை ஊறுகாய் கொண்டுபோயிருந்தேன். எங்கள் கொட்டகையில் செய்த ஜாடி, நானே செய்த அச்சு, கச்சிதமான மூடி. பெட்டியைத் திறந்தபோது ஊறுகாய் முழுவதும் என் வேட்டியில் இருந்தது. மூன்று நாள் அந்த வேட்டியைத் தோய்க்க எனக்கு மனம் வரவில்லை.

மறுநாள் பஸ். அங்கே வண்டிகள் ரோட்டுக்கு வலப்பக்கம் போகின்றன. நாங்கள் பழக்கதோஷத்தில் இடப்பக்கம் நின்று ஏறினோம். பஸ் எங்களை ஊருக்கு வெளியே ஒரு ஏரிக்கரையில் கொண்டுபோய் விட்டது. ஏரி தளும்பிக்கொண்டிருந்தது. "நம்ம மணிமுத்தாத்துல கோடையில மாடு மேயுது. இங்க கேக்க ஆளில்லாம இவ்ளோ தண்ணி கெடக்குது" என்று கலியபெருமாள் பெருமூச்சு விட்டான். டிரைவர் ஒன்றும் பேசாமல் பத்து நிமிடம் காபி குடித்துவிட்டு எங்களையே திரும்ப ஏற்றி வந்தார்.

பஸ்ஸில் இரண்டிரண்டு பேர் உட்காரும் சீட்டு. ஒவ்வொன்றிலும் ஒருவர்தான் உட்கார்ந்திருந்தார். பக்கத்து இடம் காலி. அங்கே போய் உட்கார்ந்தால் அது பெரிய அத்துமீறலாம். எங்களுக்கு யார் சொன்னார்கள்? கலியபெருமாள் ஒரு பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து, தொடையைத் தட்டி, "கொஞ்சம் தள்ளிக்குங்க, வாத்தியாரும் ஒக்காரட்டும்" என்றான். பெரியவர் எழுந்துபோய் நின்றுகொண்டே வந்தார். இறங்க வேண்டிய இடம் வந்ததும் பஸ்ஸின் தகரத்தில் ஓங்கி இரண்டு தட்டுத் தட்டி "ஓல்டான்" என்று ஒரு குரல் கொடுத்தான். டிரைவர் யாரோ சக்கரத்தில் மாட்டிக்கொண்டார்கள் என்று நினைத்து அங்கேயே நிறுத்தி, இறங்கி, குனிந்து அடியில் பார்த்தார். நாங்கள் அதற்குள் நன்றி சொல்லிவிட்டுப் போய்விட்டோம்.

மூன்றாம் நாள் பெட்டியைத் திறக்க வேண்டிய நாள். கம்பெனிக்காகப் பூச்சி மாதிரிகளைச் சோதிப்பவர் இங்கிரிட் என்ற அம்மா. அறுபது வயது இருக்கும். முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் பூச்சிப் பாடம் நடத்தியவர். அவர் பாஸ் என்று எழுதினால்தான் ஆர்டர். என்னுடைய ஆங்கிலம் மண்ணெண்ணெய் ஸ்டவ் போல. நாலு தடவை பம்ப் அடித்தால்தான் பற்றும். அவருடைய ஆங்கிலம் மெதுவாகவும் சுத்தமாகவும் வந்தது. ஆகவே ஒத்துப்போயிற்று.

வைக்கோலை விலக்கி அந்துப்பூச்சியை எடுத்து வைத்தேன். காய்ந்த இலை நிறத்தில் நாலு சிறகு, ஒவ்வொரு சிறகிலும் கருநீலத்தில் ஒரு கண், கண்ணுக்குள் வெள்ளையாக ஒரு கீறல். பிறகு ஈயை எடுத்து வைத்தேன். பெரிய கண்கள், உடம்பெல்லாம் ரோமம், முகத்தில் அடர்த்தியான மீசை. அந்த அம்மா கண்ணாடி வில்லையைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். ரொம்ப நேரம் நிமிரவில்லை. நான் நல்ல சகுனம் என்று எண்ணிக்கொண்டேன்.

"இது என்ன?" என்றார்.

அந்துப்பூச்சியின் இடது சிறகு ஓரத்தில், மிளகளவு, கறுப்பாக ஒரு பொட்டு இருந்தது. படத்தில் அப்படி ஒன்று கிடையாது. வலது சிறகிலும் கிடையாது. ஈயைத் திருப்பினார். அதன் இடது கன்னத்தில், மீசைக்குப் பக்கத்தில், அதே மாதிரி இன்னொரு பொட்டு.

பார்த்தவுடன் தெரிந்துவிட்டது, திருஷ்டிப் பொட்டு. அஞ்சலையைத் தவிர வேறு யாருடைய வேலையாகவும் இருக்க முடியாது.

பயத்தில் மனிதனுக்கு மூளை வேலை செய்யும் என்பார்கள். எனக்கு வாய்தான் வேலை செய்தது. "அது எங்கள் கொட்டகையின் முத்திரை" என்றேன்.

"ஒன்றில் சிறகில் இருக்கிறது. இன்னொன்றில் கன்னத்தில் இருக்கிறதே?"

"இடம் இருக்கிற இடத்தில் வைப்போம்."

அந்த அம்மா கோபப்படவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. "எங்கள் பிள்ளைகள் புள்ளிகளை எண்ணிப் பார்ப்பார்கள்" என்றார். "இயற்கையில் இப்படி ஒரு பக்கம் மட்டும் புள்ளி வராது. மற்றதெல்லாம் மிகச் சரியாக இருக்கிறது. ஆனால் தப்பான பூச்சியை நான் பாஸ் செய்ய முடியாது. சனிக்கிழமை காட்டுக்கு வாருங்கள், நிஜப் பூச்சியைக் காட்டுகிறேன். திங்கட்கிழமை முடிவு எழுதுகிறேன்."

அறைக்கு வந்ததும் கலியபெருமாளைப் பிடித்துக்கொண்டேன். பீங்கானில் வர்ணம் தீட்டினால் மட்டும் போதாது. மறுபடி சூளையில் வைத்துச் சுட்டால்தான் நிற்கும். சூளைக்காரனுக்குத் தெரியாமல் பொட்டு நிலைக்க வழியே இல்லை.

"யோவ், நீதானே சுட்டே?"

கலியபெருமாள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். "அஞ்சல வெச்சிது. நான் சுட்டேன்" என்றான்.

"ஏன்யா எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா அழிக்கச் சொல்லியிருப்ப. அதான் நானே வைக்கோல் சுத்திப் பெட்டியில வெச்சிட்டேன். கடல் தாண்டிப் போற பொருளு, எத்தினி கண்ணு படும்? அந்தப் புள்ள ஒரு மாசம் ஒக்காந்து ஒவ்வொரு மயிரா வரஞ்சிது. உனக்கென்ன, அச்சு செஞ்சி குடுத்துட்டுப் பீடி குடிக்கப் போயிட்ட."

"இப்ப ஆறு பேரு வேலையும் போவப் போவுது."

"அது போவக் கூடாதுன்னுதானய்யா பொட்டே வெச்சிது" என்றான். அதற்கு மேல் அவனோடு என்ன பேசுவது? இரண்டு நாள் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. அந்த ஊரில் அது யாருக்கும் வித்தியாசமாகத் தெரியவில்லை. எங்களுக்கு மரியாதை கூடியது என்றுகூடச் சொல்லலாம்.

சனிக்கிழமை காலை காட்டுக்குப் போனோம். எங்கள் ஊர்ப்பக்கம் காடு என்றால் முந்திரிக் காடு, காலில் முள் குத்தும். இது கூட்டிப் பெருக்கி வைத்த மாதிரி இருந்தது. வழவழவென்று சாம்பல் நிற மரங்கள், தரையில் போன வருடத்துச் சருகு, மேலே இளம் பச்சை. இங்கிரிட் அம்மா பூட்ஸ் போட்டுக்கொண்டு விறுவிறுவென்று முன்னால் நடந்தார். ஒரு இடத்தில் நின்று தரையைக் காட்டினார்.

"பாருங்கள்."

பார்த்தேன். சருகு. இன்னும் குனிந்து பார்த்தேன். அதே சருகு. தெரிந்த மாதிரி தலையை ஆட்டிவிட்டு, அறிவாளி போல் இருக்கட்டும் என்று ஒரு சருகை எடுக்கப் போனேன். அந்தச் சருகு சட்டென்று விரிந்தது. நாலு கருநீலக் கண்கள் என் முகத்துக்கு நேரே முழித்துப் பார்த்தன. நான் மல்லாக்க விழுந்தேன். கம்பளிக் கோட்டின் நீளமான கை மட்டும் ஒரு கிளையில் மாட்டிக்கொண்டு மேலே நின்றது.

"வாத்தியாரே, ஒரு அந்துக்கா விழுந்த?" என்றான் கலியபெருமாள். இரண்டு நாளில் அவன் பேசிய முதல் வார்த்தை.

இங்கிரிட் அம்மா என்னைத் தூக்கிவிட்டார். "நீங்கள் பயந்தது சரிதான். அதற்காகத்தான் அந்தக் கண்கள்" என்றார். சிறகை மூடினால் காய்ந்த இலை. பறவை கொத்த வந்தால் படக்கென்று விரித்துக் கண்ணைக் காட்டும். பறவை ஒரு நொடி திகைத்துவிடும், அதற்குள் இது தப்பித்துவிடும். இன்னொன்றும் சொன்னார். வளர்ந்த இந்த அந்துக்குச் சாப்பிட வாயே கிடையாது. புழுவாக இருந்தபோது தின்றதை வைத்துக்கொண்டே மிச்ச நாளைத் தள்ளுகிறது. சுவீடன் சாப்பாட்டில் ஐந்தாறு நாள் இருந்தவன் என்ற முறையில் அந்தப் பூச்சியிடம் எனக்கு உறவு தோன்றிவிட்டது. நானும் ஊரில் தின்றதை வைத்துத்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

இதைக் கலியபெருமாளுக்குச் சொன்னேன்.

"வாயே இல்லன்னா பெஞ்சாதிய எப்படித்தான் கூப்புடும்?"

அதையும் கேட்டேன். பெண் பூச்சி சும்மா உட்கார்ந்து ஒரு வாசனையை விடுமாம். ஆண் பூச்சி அதை மோந்துகொண்டு எங்கிருந்தோ பறந்து வந்துவிடுமாம்.

"அப்பத் தரகருக்கு வேலயில்ல" என்றான்.

கொஞ்ச தூரத்தில் வெட்டிச் சாய்த்த மரம் ஒன்று வெயிலில் கிடந்தது. அதன் மேல் ஈ உட்கார்ந்திருந்தது. கண்ணுக்கும் மீசைக்கும் நடுவில் முகத்தில் இடமே இல்லை. இது ஒளியாது, பயப்படாது. வெயிலில் எல்லோரும் பார்க்க உட்கார்ந்திருக்கும். ஏதாவது பறந்துபோனால் தலையை மட்டும் திருப்பும். பிறகு ஒரே பாய்ச்சல். பிடித்ததைக் கால்களால் கட்டிக்கொண்டு அதே மரத்துக்கு, அதே இடத்துக்குத் திரும்பி வந்து, ஊசி போன்ற வாயால் குத்தி உறிஞ்சும். பிடிபட்டது காலை உதறிக் கண்ணைக் கெடுத்துவிடாமல் இருக்கத்தான் அந்த மீசையாம்.

எங்கள் ஊர் டீக்கடை பெஞ்சில் ஒரு இன்ஷூரன்ஸ் ஏஜெண்டு இப்படித்தான் உட்கார்ந்திருப்பார். புதிதாக வேலை கிடைத்தவன் எவனாவது அந்த வழியாகப் போனால் தலை மட்டும் திரும்பும். அப்புறம் பார்த்தால் அவனை அதே பெஞ்சுக்குக் கூட்டி வந்திருப்பார். நானும் ஒரு முறை உறிஞ்சப்பட்டவன். ஆகவே அந்து ஒரு பக்கம், ஈ ஒரு பக்கம் என்று வைத்தால் நான் எந்தப் பக்கம் என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. ஒளிந்துகொள்வது, மாட்டிக்கொண்டால் கண்ணை உருட்டி எதையாவது சொல்லித் தப்பிப்பது. 'கொட்டகையின் முத்திரை' என்று நான் சொன்னதும் அந்த ரகம்தான்.

நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, என்னைப் பயமுறுத்திய அந்து தாறுமாறாகப் பறந்து அந்த மரத்தைத் தாண்டியது. ஈ எழும்பியது. அது அந்துக்குப் பக்கத்தில் போய், ஒரு சுற்றுச் சுற்றி, விட்டுவிட்டுத் திரும்பியது. அடுத்த நொடி ஒரு சின்ன வண்டு குறுக்கே வந்தது. அதைப் பிடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தது.

கலியபெருமாள் என் தோளைப் பிடித்து உலுக்கினான். "பாத்தியா? பாத்தியா வாத்தியாரே? அதுக்குப் பொட்டு இருக்குது, தப்பிச்சிது. வண்டுக்குப் பொட்டு இல்ல, போயிடிச்சி. நாலு பொட்டும் திருஷ்டிப் பொட்டுதான்யா. அஞ்சல வெச்சதும் அதேதான். அந்த அம்மாகிட்ட சொல்லு."

"சும்மா இருய்யா."

"சொல்லுன்னா சொல்லு. பச்சப் புள்ளைக்கிக் கன்னத்துல மை வெக்கிறமே, எதுக்கு? பாக்கறவன் கண்ணு புள்ள மேல வுழாம பொட்டு மேல வுழட்டும்னு. அது மாதிரிதான் இதுவும்னு சொல்லு. எங்க ஊர்ல பூசணிக்காயிக்கிக் கூட மூஞ்சி எழுதி வூட்டு முன்னாடி கட்டுவோம்னு சொல்லு." மூன்று நிமிடம் பேசினான். கையால், கண்ணால், கன்னத்தால் பேசினான்.

இங்கிரிட் அம்மா என்னைப் பார்த்தார். "என்ன சொல்கிறார்?"

"காடு நன்றாக இருக்கிறதாம்" என்றேன்.

"உங்கள் பாஷை ரொம்ப நீளமான பாஷை போலிருக்கிறது" என்றார் அந்த அம்மா.

அவர் சிரிக்கவில்லை. பையிலிருந்து காபி ஃபிளாஸ்க்கை எடுத்து மூன்று கோப்பையில் ஊற்றினார். ஏலக்காய் மணக்கும் பன் ஒன்று கொடுத்தார். அந்த மணத்தில் எனக்கு ஊர் ஞாபகம் வந்துவிட்டதா, அல்லது சருகில் விழுந்த முதுகு வலித்ததா, தெரியவில்லை. நான் உள்ளதைச் சொல்லிவிட்டேன். முத்திரை என்பது பொய், அது கண்ணேறு படாமல் இருக்க வைத்த பொட்டு, வைத்தவள் பெயர் அஞ்சலை, இது பாஸாகவில்லை என்றால் அவளுக்கும் இன்னும் ஐந்து பேருக்கும் வேலை இருக்காது. எல்லாம் சொன்னேன். ஸ்டவ்வைப் பம்ப் அடிக்கவே வேண்டியிருக்கவில்லை.

அந்த அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே தன் பன்னைப் பிட்டுத் தின்று முடித்தார். பிறகு ஒரு திருத்தம் சொன்னார். "இந்த ஈ கண்ணைப் பார்த்துப் பயப்படவில்லை. அந்து அதற்குப் பெரிய உருப்படி, தூக்க முடியாது. அதனால் விட்டது."

அதைத் தமிழில் சொன்னேன். "அது அவங்க நெனைக்கிறது" என்றான் கலியபெருமாள். இதை நான் மொழிபெயர்க்கவில்லை.

"ஒன்று கேட்க வேண்டும்" என்றார் அந்த அம்மா. "அந்துப்பூச்சிக்கு வைத்தார்கள், புரிகிறது. அது அழகாக இருக்கிறது. இந்த ஈக்கு ஏன்? இது யார் கண்ணுக்குப் பயப்பட வேண்டும்?"

நான் கலியபெருமாளிடம் கேட்டேன். அவன் யோசிக்கவே இல்லை.

"அதுவும் அழகா இருக்குதுன்னுதான். அழகில்லாததுக்கு யாரு பொட்டு வெப்பா? கோணலா வந்த பொம்மைக்கெல்லாம் அஞ்சல பொட்டு வெக்காது. இந்த ஈயப் பாத்துட்டு, 'இன்னா லட்சணமா இருக்குது மாமா'ன்னு எங்கிட்டயே சொல்லிச்சி."

இதை ஒரு வார்த்தை குறைக்காமல் சொன்னேன்.

இங்கிரிட் அம்மா மரத்தின் மேல் இருந்த ஈயைப் பார்த்தார். அது வண்டை முடித்துவிட்டு மீசையைத் துடைத்துக்கொண்டிருந்தது. "நான் முப்பது வருடம் பிள்ளைகளுக்கு இதைக் காட்டியிருக்கிறேன்" என்றார். "அருவருப்பு என்றார்கள். பயம் என்றார்கள். ஒருவர்கூட இதை அழகு என்று சொன்னதில்லை. எனக்கு மட்டும் தோன்றும். வெளியே சொன்னதில்லை."

திரும்பும் பஸ்ஸில் காலி சீட்டுகள் நிறைய இருந்தன. அந்த அம்மா வந்து கலியபெருமாளின் பக்கத்தில் உட்கார்ந்தார். அவன் என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினான்.

திங்கட்கிழமை முடிவு கையில் கிடைத்தது. ஒரு பக்கத் தாள். அதை உடனே பிரித்துப் படித்து, இரண்டு தடவை படித்து, கலியபெருமாளுக்கு ஒரு தடவை தமிழில் சொல்லி, அப்புறம் மிச்ச நாட்களைச் சூளை பார்ப்பதில் கழித்தோம். அவர்களுடைய சூளையைப் பற்றிக் கலியபெருமாளின் அபிப்பிராயம்: "எல்லாம் மிஷினு பாத்துக்குது. அந்த ஆளு பக்கத்துல நின்னு பேப்பரு படிக்கிறான். ஒரு நாளு கரண்டு போனா தெரியும் சேதி." பச்சை மண் சூளைக்குள் போய் வந்தால் சுருங்கும் என்று என் அச்சுகளை எப்போதும் கொஞ்சம் பெரிதாகவே செய்வேன். மூன்று வாரம் கழித்துப் பார்த்தால் என் வேட்டி என்னை ஒரு சுற்று அதிகமாகச் சுற்றியது.

விருத்தாசலம் ஜங்ஷனில் இறங்கியதும் முதல் வேலையாக ஆளுக்கு எட்டு இட்லி சாப்பிட்டோம். கலியபெருமாள் சர்வரிடம் சட்னியை இன்னும் ஊற்றச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான். நேரே கொட்டகைக்குப் போனோம்.

மேனேஜர் தாளை வாங்கி நின்றபடியே படித்தார். ஆறு பெண்களும் தூரிகையைக் கையில் வைத்துக்கொண்டு, வேலை செய்கிற மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். ஒரு கிளிக்கு மூன்றாவது முறையாக மூக்கு சிவந்துகொண்டிருந்தது.

"பாஸு" என்றார் மேனேஜர். அதைச் சொல்ல அவருக்கு வலித்தது போலிருந்தது. "ஆனா கண்டிஷன் போட்டிருக்காங்க. பூச்சிங்க மேல படத்துல இல்லாத புள்ளி எதுவும் இருக்கக் கூடாது."

அஞ்சலை தலையைக் குனிந்துகொண்டாள்.

"அப்புறம், இது என்னான்னு எனக்குப் புரியல. அடிப்பாகத்துல, புள்ளைங்க எண்ணாத இடத்துல, ஒவ்வொண்ணுக்கும் ஒரே ஒரு கறுப்புப் பொட்டு கண்டிப்பா இருக்கணுமாம். பொட்டு இல்லாத உருப்படிய வாங்க மாட்டாங்களாம். அதுவும் மாதிரிக்கு வர்ணம் தீட்டுன அதே அம்மாதான் வெக்கணுமாம்." தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை. "எதுக்குய்யா பொட்டு?"

நான் வாயைத் திறப்பதற்குள் கலியபெருமாள், "அது அந்த ஊரு வழக்கம் சார்" என்றான்.

அஞ்சலை எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள். பிறகு எழுந்து, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு மேனேஜர் முன்னால் வந்தாள்.

"மொத்தம் எத்தினி பூச்சி சார் கேட்டிருக்காங்க?"

"நெறைய. வருசம் பூரா அனுப்பணும்."

"அப்ப பொட்டு வெக்கவே எனக்கு நாளு சரியாப் பூடும். அதே அம்மாதான் வெக்கணும்னு வேற எழுதியிருக்காங்க. கிளிக்கும் யானைக்கும் கண்ணு வெக்க ஒரு ஆளு கொறையுதே சார்."

"அதுக்கு?"

"எங்க நாத்தனாரு வூட்டுல சும்மாதான் இருக்குது. கை நல்லா ஓடும். மாறுகண்ணு வராது."

மேனேஜர் தாளை இன்னொரு முறை படித்தார். அதில் அவருக்கு உதவியாக எதுவும் எழுதியிருக்கவில்லை. மறுநாள் காலை பெயிண்டிங் பக்கம் ஏழு பேர் உட்கார்ந்திருந்தார்கள்.